ஒரு வார ஊழியமும் ஒரு வாழ்நாள் ஊழியமும்

திருகோணமலை நகரில் அதிகாலையில் நடக்கும் பழக்கமுள்ளவர்கள், பேருந்து நிலையத்தைச் சூழவும் உட்துறைமுக வீதியோரக் கடைவாசல்களிலும் படுத்துறங்கும் முதியவர்களைக் கண்டிருப்பார்கள். கண்டும் காணாதவர்போல் கடந்து சென்றிருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிக் கடந்தவன்தான். ஆகவே, இத்தகையோரைத் தேடிச்சென்று உணவுப்பொதி கொடுக்கும் கிறிஸ்தவ இளைஞர் குழுக்களைக் குறைகூறும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியோடுதான் இதனை எழுதத் தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரைக்கு வந்த குழுக்கள் பல. ஒரு வாரம், பத்து நாட்கள் என்று தங்கிய இளைஞர் யுவதிகள் குப்பை அள்ளினார்கள், கூடாரம் அடித்தார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களின் வியர்வை பொய்யல்ல. ஆனால் முகாம் ஒன்றில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை. "வாற பிள்ளையள் எல்லாம் நல்ல பிள்ளையள்தான் தம்பி. ஆனா ஒருத்தரும் ரெண்டாந்தரம் வாறேல்ல."

அந்த ஒரு வசனத்தில் முழு விமர்சனமும் அடங்கியிருக்கிறது.

வீடற்ற நிலை என்பது எங்கள் மாவட்டத்தில் ஒருநாள் பசி அல்ல. 2006 ஏப்ரலில் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட மக்களை நினைத்துப் பாருங்கள். கிளிவெட்டியிலும் அயல் கிராமங்களிலும் கூடாரங்களுக்குள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கிடந்தார்கள். அவர்களின் காணிகள் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் கடற்படை முகாமாகவும் முதலீட்டு வலயமாகவும் பெயர் மாறிக்கொண்டிருந்தன. 2015இலும் 2016இலும்தான் பெரும்பாலானோர் திரும்ப முடிந்தது. அந்தப் பத்தாண்டில் அவர்களுக்கு வேண்டியிருந்தது அரிசி மட்டுமல்ல. தங்கள் காணியின் கதையை மறக்காமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்களே.

வீதியில் உறங்குபவனின் நிலையும் இதுவே. முகவரி இல்லாதவனுக்குக் கிராம அலுவலரின் வதிவிட அத்தாட்சி கிடைப்பது கடினம். அத்தாட்சி இல்லையேல் தேசிய அடையாள அட்டை பெறுவது கடினம். அட்டை இல்லாதவன் 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கு எங்கே விண்ணப்பிப்பான்? அரசின் பதிவேட்டில் அவன் மனிதனாகவே எண்ணப்படுவதில்லை. 1841இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய நாடோடிகள் கட்டளைச் சட்டமோ அவனைக் குற்றவாளியாகவே பார்த்தது. ஒரு சோற்றுப்பொதி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியையும் அறுக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உதவியோடு மதமாற்றமும் வருகிறது என்ற ஐயம் இந்நாட்டில் ஆழமானது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது; அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. அந்தச் சட்டமூலம் தவறானது என்பதே என் கருத்து. ஆயினும் கோணேசர் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே நிற்கும் இந்த ஊரில், பசித்தவனின் கையில் சோற்றையும் துண்டுப்பிரசுரத்தையும் ஒன்றாகத் திணிப்பவர், அந்த ஐயத்துக்குத் தாமே எண்ணெய் ஊற்றுகிறார்.

அப்படியானால் இளைஞர்கள் வரவே கூடாதா? அதற்கும் எங்கள் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து இயேசு சபை இளைஞர்கள் சிலர் அன்றைய திருகோணமலை மறைமாவட்டத்துக்கு வந்தார்கள். இருபதுகளில் இருந்த ஹரி மில்லர் அவர்களில் ஒருவர். தமிழ் கற்றார், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தார், போர்க்காலத்தில் காணாமற் போனோரின் பெயர்களைப் பதிவு செய்தார், முதுமையிலும் அந்த ஊரைத் தன் ஊராகவே கொண்டிருந்தார். அவரோடு பணிசெய்த யூஜின் ஹேபர்ட் அடிகளார், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றியவர், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்வந்த தமிழ் இளைஞரோடு காணாமற் போனார். இன்றுவரை திரும்பவில்லை.

அவர்களும் இளைஞர்களாக வந்தவர்களே. திரும்பிச் செல்லும் பயணச்சீட்டை மட்டும் பையில் வைத்திருக்கவில்லை.

எல்லோரும் வாழ்நாளைக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது சிறியது. வெளியூர்க் குழு ஒரு வாரம் வந்தால், உள்ளூர் இளைஞர் ஒருவரை முன்னிறுத்தி, அவருக்குப் பின்னால் நிற்கட்டும். பொதியோடு பெயரையும் கேட்கட்டும். கிராம அலுவலரிடமும் வைத்தியசாலைக்கும் ஒருவரையாவது கைபிடித்து அழைத்துச் செல்லட்டும். புகைப்படக் கருவியை விடுதியிலேயே வைத்துவிட்டு வரட்டும். புறப்படும் நாளில், அடுத்த மாதம் யார் வருவார் என்பதைச் சொல்லிவிட்டுப் போகட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மகாவலி வெள்ளமும் மூதூர்ப் பக்கத்து மக்களை மீண்டும் வீட்டைவிட்டு வெளியேற்றின. உதவி வந்தது; இனியும் வரும். அந்த மூதாட்டி இன்று உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. ஆனால் அவர் கேட்டது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இரண்டாந்தரம் வருபவர் யார்?