கணினியில் வாசிக்கும் கிட்டார் ஏன் காட்டிக்கொடுத்துவிடுகிறது?

குறும்படத்துக்குப் பின்னணி இசை, யூடியூபில் போட ஒரு கவர் பாட்டு, விளம்பர ஜிங்கிள்... லேப்டாப்பும் சின்ன மிடி கீபோர்டும் இருந்தால் இன்று எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடலாம். பியானோ, டிரம்ஸ் எல்லாம் ஓரளவு நம்பும்படி வந்துவிடும். கிட்டார்தான் சிக்கல். வாசிக்கத் தெரியாதவரின் காதுக்குக்கூட 'ஏதோ இடிக்குதே' என்று தோன்றிவிடும்.

உடனே பலரும் இன்னும் விலை கூடிய சாஃப்ட்வேரைத் தேடிப் போகிறார்கள். ஆனால், இந்த மென்பொருள்களில் பல, அசல் கிட்டாரை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து உருவாக்கப்பட்டவை. ஒலி அசல்தான், வாசிப்புதான் போலி.

கை எட்டுமா?

கீபோர்டில் சி மேஜர் கார்டுக்கு சி, ஈ, ஜி என மூன்று ஸ்வரங்கள் போதும். கிட்டாரில் எல்லோரும் முதலில் கற்கும் சி மேஜரில் ஐந்து தந்திகள் ஒலிக்கும்: சி, ஈ, ஜி, மறுபடியும் சி, ஈ. கிட்டாருக்கு ஆறு தந்திகள். ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். எனவே ஏழு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அது சாதாரண கிட்டாரே இல்லை. மூன்று ஸ்வரங்களை மட்டும் நெருக்கமாக அடுக்கினால், கிட்டார் ஒலியில் கீபோர்டு வாசித்த மாதிரிதான் இருக்கும்.

கை எப்படி அசைகிறது?

ஸ்ட்ரம் செய்யும்போது எல்லாத் தந்திகளும் ஒரே நொடியில் ஒலிப்பதில்லை. கை கீழே இறங்கும்போது தடித்த தந்தி முதலில், மேலே ஏறும்போது மெல்லிய தந்தி முதலில். நடுவே சில மில்லிசெகண்ட் இடைவெளி. ஏறும் கை பெரும்பாலும் மூன்று, நான்கு தந்திகளை மட்டுமே தொடும். 1983-ல் அறிமுகமான மிடி முறையில் ஒரு ஸ்வரத்தின் அழுத்தத்தை 1 முதல் 127 வரை மாற்றலாம். எல்லாவற்றையும் 100-லேயே வைத்து, திரையின் கட்டத்தில் நூல் பிடித்தாற்போல அடுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று, பெண்டிங். விரலால் தந்தியை வளைத்தால் ஸ்வரம் மேலே ஏறும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். அதற்குக் கீழே போகாது. பிட்ச் வீலை இஷ்டத்துக்கு இரு பக்கமும் ஆட்டுவது, விரல் செய்யாத வேலை.

காப்பி-பேஸ்ட் உதவாது

ராக் பாடல்களில் இடது காதிலும் வலது காதிலும் கேட்கும் ரிதம் கிட்டார், பெரும்பாலும் ஒரே பகுதியை இருமுறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள நுணுக்கமான வேறுபாடுதான் அந்த விரிவைத் தருகிறது. ஒரே டிராக்கை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் சத்தம்தான் கூடும். கணினியிலும் இரண்டாவது முறை தனியாக வாசித்தே ஆக வேண்டும்.

யாரை அழைப்பது?

இத்தனையும் செய்தால் நல்ல பலன் கிடைக்கும், நேரமும் கரையும். டெமோவுக்கும், வசனத்துக்குப் பின்னால் மெல்ல ஒலிக்கும் இசைக்கும் மென்பொருள் தாராளமாகப் போதும். ஆனால் பாட்டையே கிட்டார்தான் தாங்குகிறது என்றால், பட்ஜெட்டில் ஒரு கலைஞரின் சம்பளத்துக்கு இடம் ஒதுக்குவதே நியாயம். அது ஒருவரின் பிழைப்பு என்பது மட்டும் காரணமல்ல. 'இந்த இடத்துல வேற மாதிரி வாசிச்சுப் பார்க்கலாமா?' என்று மென்பொருள் ஒருநாளும் கேட்காது.

இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்தவர் இளையராஜா. அந்த அளவுக்கு வாசிக்க எல்லோராலும் முடியாது. ஆனாலும் அடுத்த சாஃப்ட்வேருக்குச் செலவழிக்கும் முன், ஒரு பழைய கிட்டாரை வாங்கி நாலு கார்டு பழகலாம். விரல் நுனி வலிக்கும்போதுதான், எந்த ஸ்வரம் கைக்கு எட்டும், எது எட்டாது என்பது புரியும்.