தலைப்பை மட்டும் நம்பலாமா?

என் ஓரகத்திக்கு 46 வயது. மார்பில் சின்னதாக ஒரு கட்டி இருப்பதாக, இரண்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். 'ஏன்டி டாக்டரிடம் போகலை?' என்று கேட்டதற்கு, 'வலியே இல்லைக்கா. ஆம்பளை டாக்டர்கிட்ட காட்டவும் கூச்சமா இருக்கு. இனிமே கம்ப்யூட்டரே கேன்சரைக் கண்டுபிடிச்சிடுமாம். அது நம்ம ஊருக்கும் வரட்டும்...' என்றபடி, ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினாள். 'டாக்டரை மிஞ்சியது செயற்கை நுண்ணறிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகளை விட்டு, அந்த ஆய்வைத் தேடிப் படிக்கச் சொன்னேன். சுவீடன் நாட்டில், 80 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு அது; 2023ல் வெளியானது. அங்கே மார்பக எக்ஸ்ரே படத்தை வழக்கமாக இரண்டு டாக்டர்கள் பார்ப்பார்களாம். ஆய்வில், பாதிப் பேருடைய படங்களை முதலில் கம்ப்யூட்டர் பார்த்து, சந்தேகம் அதிகமுள்ளதை இரண்டு டாக்டர்களுக்கும், மற்றதை ஒரு டாக்டருக்கும் அனுப்பியது. அப்படிப் பார்த்ததில் 244 பேருக்கும், வழக்கமான முறையில் 203 பேருக்கும் புற்றுநோய் தெரிந்தது. டாக்டர்களின் படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது.

நல்ல விஷயம்தான். ஆனால், ஒவ்வொரு படத்தையும் ஒரு டாக்டராவது பார்த்தார்; முடிவு சொன்னதும் டாக்டரே. கம்ப்யூட்டர் உதவிக்குத்தான் நின்றது. இதை விட்டுவிட்டு, டாக்டரே வேண்டாம் என்பது போல தலைப்பு போட்டால், என் ஓரகத்தி மாதிரி கூச்சப்படுகிறவர்களுக்கு, அதுவே ஒரு சாக்காகி விடாதா?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சுவீடனில், 40 முதல் 74 வயது வரையுள்ள பெண்களை அரசே கடிதம் போட்டு பரிசோதனைக்கு அழைக்கிறது. நமக்கு யார் கடிதம் போடுகின்றனர்? நாமாகத்தான் போக வேண்டும். வராதவளின் நோயை எந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்?

மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பெண் டாக்டர்தான் பார்த்தார். ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில், புற்றுநோய் என்று தெரிந்தது. 'ஆரம்ப நிலைதான், பயப்படாதீங்க' என்றார். இப்போது சிகிச்சை நடக்கிறது.

பத்திரிகைக்காரர்களே... 'டாக்டருக்கு உதவும் கம்ப்யூட்டர்' என்று தலைப்பு போட்டால், குறைந்தா போய்விடும்? தோழியரே... 30 வயதைத் தாண்டியவர்களுக்கு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். கூச்சத்தை ஒதுக்கி வைத்து, ஒரு எட்டு போய் வாருங்களேன்!

— ஒரு குடும்பத்தலைவி, கும்பகோணம்.