பீடத்திற்கு முன் ஒரு வாசற்படி



யூத மக்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள், யோம் கிப்பூர் என்னும் பாவப் பரிகாரப் பெருநாள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும் அந்நாளில், முந்திய மாலை தொடங்கி ஏறத்தாழ 25 மணி நேரம் அவர்கள் உண்பதுமில்லை, பருகுவதுமில்லை. தோல் காலணியும் அணிவதில்லை. செபக்கூடத்தில் மன்றாடியவாறே பகலைக் கழிக்கின்றனர். பிற்பகலில் யோனா ஆகமம் வாசிக்கப்படுகிறது. ஆட்டுக்கடாவின் கொம்பு முழங்க, நோன்பு நிறைவுறுகிறது.

இவ்வளவும் செய்தால் எல்லாப் பாவங்களும் அகன்றுவிடுமா? அகலா என்கின்றனர் யூத குருக்களாகிய ரபிகள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா நூலில், ரபி எலெயாசர் பென் அசரியா பாவங்களை இரண்டாக வகுக்கிறார். கடவுளுக்கு எதிராகச் செய்தவற்றை அப்பெருநாள் போக்கும். அயலானுக்கு எதிராகச் செய்தவற்றையோ, அவன் மனத்தை ஆற்றும்வரை அப்பெருநாளும் போக்காது.

1204-இல் மறைந்த மைமோனிதஸ் என்னும் பேரறிஞர் இதற்கு நடைமுறையும் வகுத்தார். மன்னிப்புக் கேட்டும் மறுத்தால், நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்ல வேண்டும். மூன்று முறை சென்றும் இரங்காதவனே அதன்பின் குற்றவாளி. புண்பட்டவன் இறந்துபோனால், பதின்மரோடு அவன் கல்லறைக்குச் சென்று குற்றத்தை அறிக்கையிட வேண்டும்; பணம் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

புண்பட்டவருக்கும் கடமையுண்டு. ரபி சேரா என்பவர், தமக்குத் தீங்கிழைத்தவர் இருக்கும் இடத்தின் வழியே வேண்டுமென்றே பலமுறை நடந்து செல்வாராம். மன்னிப்புக் கேட்க நாணி நிற்பவருக்கு ஒரு வாய்ப்பளிப்பதே அவர் நோக்கம் எனத் தல்மூது கூறுகிறது.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகுமாறு நம் ஆண்டவர் பணித்ததும் இதே மண்ணில்தான். நம் திருச்சபையும் இப்பாடத்தைத் தன் வாழ்வில் கற்றது. 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமை யூத செபக்கூடத்திற்குச் சென்றார். 2000-ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று, யூதருக்கு இழைக்கப்பட்ட துன்பங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் செபத்தை, எருசலேமின் மேற்குச் சுவரின் கல்லிடுக்கில் வைத்தார். முதியவர், நடை தளர்ந்தவர். ஆயினும் புண்பட்டவர்களின் வாசலுக்குத் தாமே சென்றார்.

நாமோ ஆண்டுதோறும் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறோம்; பாகப்பிரிவினையில் பகைத்த அண்ணன் வீட்டுப் படியை மட்டும் மிதிப்பதில்லை. குருவானவர் பாவமன்னிப்பு அளிக்கிறார். ஆனால் பறித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்துவதும் நம் பொறுப்பாகவே நிற்கின்றன. அந்த அண்ணனின் கல்லறைக்குப் பதின்மரோடு போகும் நாள் வரை காத்திருக்கலாமா? இன்று அவர் வீட்டில் விளக்கு எரிகிறது. இன்றே செல்வோம்.