ஸ்க்ரைப் வேலையும் மலிவுக் கூலியும்

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க நினைக்கிற பசங்களுக்கு எல்லாரும் சொல்ற அட்வைஸ் ஒன்னு இருக்கு: "ஒரு வருஷம் மெடிக்கல் ஸ்க்ரைப்பா வேலை பாரு, அப்ளிகேஷனுக்கு நல்லது." அங்கே இருக்கிற உங்க அண்ணன் மகளும் கேட்டிருப்பா. அதைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம் மக்களே.

ஸ்க்ரைப்னா யாரு? டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது லேப்டாப்போட பக்கத்துல நின்னு, நெஞ்சுவலி எப்போ ஆரம்பிச்சுது, என்னென்ன மாத்திரை, பரிசோதனையில் என்ன தெரிஞ்சுதுன்னு எல்லாத்தையும் டைப் பண்றவர். டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஸ்க்ரைப் நோயாளியைத் தொடக்கூடாது. சிகிச்சை பத்தி வாயே திறக்கக்கூடாது.

இந்த வேலை பெருகினது மாணவர்கள் மேல வந்த பாசத்தால் இல்லை. 2009-ல் வந்த ஹைடெக் சட்டம், மின்னணு மருத்துவப் பதிவுக்கு மாறுபவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. மாறாதவர்களுக்குப் பின்னால மெடிக்கேர் பணத்தில் வெட்டு. டாக்டர்கள் கம்ப்யூட்டர்ல மாட்டினாங்க. அந்தச் சுமையை யார் தலையிலாவது இறக்கணுமே? டாக்டராகத் துடிக்கிற 22 வயசுப் பிள்ளை கிடைச்சுது. சுறுசுறுப்பு, எதிர்த்துக் கேட்காது, சீட் கிடைச்சா தானே கிளம்பிடும். சம்பள உயர்வு கேட்க ஆளே மிஞ்சாது!

"கத்துக்கலாமே டாக்டர்?" கத்துக்கலாம். ஒரு டாக்டர் எப்படி யோசிக்கிறார்னு பக்கத்துல நின்னு பார்க்கிறது பெரிய விஷயம்தான். ஆனா கத்துக்கிறாங்கங்கிறதுக்காகக் கூலியைக் குறைக்கிறது எந்த ஊர் நியாயம்? பல இடங்களில் ஸ்க்ரைப் கூலி குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் இருக்கு. (மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதுவும் 2009-ல் அமலுக்கு வந்ததுதான்.) அப்பா வாடகை கட்டுற பிள்ளைக்கு இது ஓகே. கடன் வாங்கிப் படிச்ச பிள்ளை? அதிகக் கூலி கிடைக்கிற வேற வேலைக்குப் போகும். அப்ளிகேஷன்ல அந்த இடம் காலியா நிக்கும்.

இன்னொன்னு. இதே வேலையை நம்ம ஊர்ல நைட் ஷிப்டில் ஹெட்செட் மாட்டிக்கிட்டு பண்ற பட்டதாரிகள் இருக்காங்க. அதை யாராவது மருத்துவ அனுபவம்னு சொல்றோமா? பிபிஓ வேலைன்னுதான் சொல்றோம். ஒரே வேலைக்கு அங்கே மட்டும் எப்படிப் புனிதப் பட்டம் வந்துச்சு?

சேரப் போற பசங்க முதல்ல இதைக் கேளுங்க: பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டா? பாதியில் நின்னா பணம் பிடிப்பீங்களா? ஷிப்ட் முடிஞ்சு நோட்ஸ் முடிக்கிற நேரத்துக்குக் காசு உண்டா?

ஸ்க்ரைப் வச்சிருக்கிற சக டாக்டர்களே, உங்க பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்குதுன்னு இன்னைக்கே விசாரிங்க.