வானத்திலும் மேல் கீழ்

2024 அக்டோபர் 11, ஆயுத பூசை. திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் அன்றைக்கு ஒரு பட்டறையும் ஓடாது. லேத்துக்கும் வெல்டிங் மிஷினுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காயை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் பொரிகடலை தின்றுகொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். இறங்க முடியாமல் வானத்திலேயே வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஒரு சேனல் 'வயிற்றால் தரையிறங்கப் போகிறது' என்றது. இன்னொன்று எரிபொருளைக் கீழே கொட்டுவதாகச் சொன்னது. பின்னணியில் சினிமா இசை வேறு.

பையன்கள் ஆளுக்கொரு படத்தைச் சொன்னார்கள். ஒருவன் சூர்யா என்றான், ஒருவன் அமெரிக்கக்காரன் ஆற்றில் இறக்கிய 'சல்லி' என்றான். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அவர் மகன் அதே சார்ஜாவில் பைப் ஃபிட்டராக ஏழு வருசம் இருந்தவன்.

"ஏம்ப்பா, உள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு இது தெரியுமா?"

எவனுக்கும் பதில் தெரியவில்லை. நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டு, ராத்திரி எட்டேகால் வாக்கில் அந்த விமானம் சக்கரத்தை ஊன்றி, எல்லா நாளும் இறங்குவது போலவே இறங்கியது. வயிறும் படவில்லை, தீப்பொறியும் இல்லை. எரிபொருளைக் கொட்டியதாகச் சொன்னதும் பொய். போயிங் 737இல் வானத்தில் எரிபொருளைக் கொட்டுகிற வசதியே கிடையாது. எடை குறைய வேண்டுமானால் பறந்து பறந்து எரித்துத் தீர்க்க வேண்டியதுதான். அத்தனை நேரம் வட்டம் போட்டதற்குக் காரணம் அதுதான். பரபரப்புக்கு ஒரு துளி கூட இடமில்லாத, சலிப்பூட்டுகிற வேலை. அந்தச் சலிப்புத்தான் 141 உயிரைக் காப்பாற்றியது.

விமானப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, காக்பிட் நிஜம் போல இருக்கிறதா, பொத்தான் சரியான இடத்தில் இருக்கிறதா, தோளில் பட்டை எத்தனை என்பவற்றைத்தான். விமானம் ஓட்டுகிறவர்கள் கேட்கட்டும், அது அவர்கள் தொழில். எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.

சினிமாவில் விமானத்துக்கு ஆபத்து வந்தால் என்ன நடக்கும்? மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், பெண்கள் அலறுவார்கள், நாயகன் நரம்பு புடைக்கக் கம்பியை இழுப்பான். நிஜத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் திருச்சியே சாட்சி. 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் 130 பயணிகளும் 6 ஊழியர்களுமாக ஒரு விமானம் துபாய்க்குக் கிளம்பியது. ஓடுபாதை முடிகிற இடத்தில் ஆண்டெனாவில் இடித்தது, விமான நிலையச் சுற்றுச்சுவரையும் இடித்துத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதாகத்தான் விமானிகள் சொன்னார்கள். அரபிக் கடல் மேல் வெகுதூரம் போன பிறகு திருப்பி, சுமார் நான்கு மணி நேரம் கழித்து மும்பையில் இறக்கினார்கள். அடிவயிறு கிழிந்திருந்தது. காரணம் என்ன தெரியுமா? ஓடுபாதையில் ஓடும்போது கேப்டனின் இருக்கை முதுகு சாய்ந்துவிட்டது, அந்தக் குலுக்கலில் என்ஜின் விசை குறைந்துபோனது, குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. வில்லனும் இல்லை, சதியும் இல்லை, ஒரு நாற்காலி. கிழிந்த வயிற்றோடு கடல் மேல் பறந்த அந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். இதை எந்த இயக்குநர் எடுப்பார்?

சரி, நம்ம படத்துக்கு வருவோம். சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் கொரோனாக் காலத்தில் நேராக அமேசானில் வந்தது. ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத் எழுதிய புத்தகத்தைத் தழுவியது. தேசிய விருதுகளையும் அள்ளியது. செல்போனில் பார்த்தேன். அப்பா சாகக் கிடக்கிறார், டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை, நாயகன் விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்துகிறான். அந்த இடத்தில் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. தமிழில் விமானத்தைப் பற்றி எடுத்த காட்சிகளில் அதுதான் மிக நிஜமான காட்சி. அதில் விமானமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே படத்தில் எரிபொருள் தீரப்போகிற விமானத்தைச் சென்னையில் இறங்க விடாமல் தடுக்கிறார்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறக்குகிறார்கள். இது நடக்காது. எந்தப் பயணிகள் விமானமும் போய்ச் சேர ஒரு கணக்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போக ஒரு கணக்கு, அதற்கும் மேலே அரை மணி நேரம் சுற்ற ஒரு கணக்கு என்று எண்ணெய் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எண்ணெய் தீருகிறது, மேடே என்று விமானி சொல்லிவிட்டால் ஓடுபாதையை ஒழித்துக் கொடுப்பார்கள். ஆபத்து நேரத்தில் கடைசி முடிவு விமானியுடையது, எந்த முதலாளியின் போனும் அங்கே எடுபடாது. விமானக் காட்சியாக அது பொய். ஆனால் ஊர்க் காட்சியாகப் பார்த்தால் நிஜம். 'இந்தத் தெருவில் இறங்காதே' என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது புரியும். நான் அந்தக் காட்சியைத் திட்டவும் முடியாமல் பாராட்டவும் முடியாமல் இருக்கிறேன்.

சாதிக்கு வருகிறேன். கோபிநாத் கர்நாடகத்துக் கோரூர்க்காரர், பிறப்பால் ஐயங்கார், ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். படத்து நெடுமாறன் ராஜாங்கம் சோழவந்தான்காரன், விமானப்படைக்காரன், கருப்புச் சட்டைக்காரன். ஐயங்கார் கதையை நம்ம பக்கம் இழுத்துவிட்டார்கள் என்று தோழர்கள் சிலர் குதித்தார்கள். விலை என்கிற தடையை மட்டுமல்ல, சாதி என்கிற தடையையும் உடைக்கப்போவதாக நாயகன் பேசுகிறான். கைதட்டல். எந்தச் சாதித் தடை? யார் சாதி? படம் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மதுரைப் பக்கத்து ஊர் அது. ரயில் நிற்கவேண்டும் என்று ஊரே போராடுகிறது, கடைசியில் ஊரே விமானம் ஏறுகிறது. அந்த ஊருக்குச் சேரி உண்டா இல்லையா? உண்டென்றால் அங்கிருந்து எத்தனை பேர் ஏறினார்கள்? மேலே இருக்கிற வில்லன் ஏழையின் விரல் பட்ட கையைத் துடைத்துக்கொள்வதைக் காட்டத் தெரிந்த காமிராவுக்கு, ஊருக்குள் துடைத்துக்கொள்ளும் கைகள் தெரியவில்லை.

(ஒரு ரூபாய் டிக்கெட் விற்ற அந்தக் கம்பெனி 2007, 2008இல் மல்லையாவின் கிங்ஃபிஷரோடு போய்ச் சேர்ந்தது. 2012இல் கிங்ஃபிஷரே தரையோடு நின்றது. வங்கிகளுக்கு வராமல் போனது ஆயிரக்கணக்கான கோடி. நாற்பதாயிரம் நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸ் அடிக்கிற கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

இதையெல்லாம் விடப் பெரிய பொய் ஒன்று எல்லா விமானப் படத்திலும் இருக்கிறது. விதியை மீறுகிறவன்தான் வீரன் என்கிற பொய். நாயகன் சொல்வான், பக்கத்து சீட்டில் இருப்பவன் 'சார்... சார்...' என்று பயப்படுவான். நாயகன் கேட்கமாட்டான், ஜெயிப்பான். பக்கத்து சீட்டு என்பது பயப்படுவதற்கென்றே போட்ட சீட்டு.

நிஜத்தில் அந்த ஏற்பாடு ஆளைக் கொல்லும். 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர். வழியில் வெகுநேரம் தூங்கியிருந்த கேப்டன், இறங்க வேண்டியதைவிட ரொம்ப உயரத்தில் விமானத்தைக் கொண்டுவந்தார். இறங்காதீர்கள், மறுபடி மேலே போய்ச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் சொன்னாரே ஒழியக் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் செத்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். உலகத்தில் பெரிய விபத்தும் இதே கதைதான். 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று பின்னால் உட்கார்ந்திருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். இல்லை என்றார் மூத்த கேப்டன். 583 பேர்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் கூடி யோசித்தான். 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. அதிலிருந்து ஒரு பயிற்சி முறையே உருவானது. கீழே இருப்பவர் வாயைத் திறக்க வேண்டும், மேலே இருப்பவர் காது கொடுக்க வேண்டும், ஒருவர் செய்வதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பாடமாகவே வைத்தார்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை, மேல்-கீழ் இருந்தால் விமானம் விழும் என்று எண்ணிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இதைத்தானே நம்மவர்கள் நூறு வருசமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் கடைநிலை ஊழியர் ஒருவர், எங்காளு, 'சார், இந்தக் கட்டு மெலிசா இருக்கு, எண்ணிருங்க' என்றார். 'உன் வேலையப் பாரு' என்று பதில் வந்தது. சாயங்காலம் கணக்கு இடித்து, ராத்திரி பத்து மணிவரை எல்லோரும் எண்ணினோம். எடுத்தது யார் என்று முதலில் யாரை விசாரித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சிக்கு மேலே வட்டம் போட்ட அந்த விமானத்தில் துணை விமானி ஒரு பெண். கேப்டனும் அவரும் பட்டியலை வாசித்து, ஒருவர் சொல்ல ஒருவர் சரிபார்த்து, எண்ணெய் தீரும்வரை பொறுமையாக இருந்திருக்கிறார்கள். இதைப் படமாக எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? டூயட்டா, பயமா? மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை'யில் போர் விமானி காதலிக்கிறான், கத்துகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அவன் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றினவன் முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஓடுபாதை ஓரம் வெயிலில் பெட்டி தூக்குகிறவன், விமானம் நின்றதும் ஓடிப்போய்க் கக்கூஸ் தொட்டிக்குக் குழாய் மாட்டிக் காலி பண்ணுகிறவன், இருக்கைக்கு அடியில் குழந்தையின் வாந்தியைத் துடைக்கிற அக்கா, இவர்கள் இல்லாமல் ஒரு விமானமும் மறுபடி ஏறாது. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று திருச்சியிலும் கேட்டுப் பாருங்கள், மீனம்பாக்கத்திலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பயணிகள். கிழக்கேயிருந்து இறங்குகிற விமானம் எங்கள் ஊருக்குத் தெற்கே தாழப் போகும், சின்ன வயதில் கையாட்டுவோம். இப்போது அதில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். சார்ஜா, துபாய், குவைத், சிங்கப்பூர். ஏஜெண்டுக்குக் கட்ட அம்மாவின் தோடும் தங்கச்சியின் செயினும் முதலில் என் கவுண்டருக்கு வரும், ஆள் அப்புறம்தான் விமானத்துக்குப் போவான். பெல்ட் எப்படிப் போடுவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் போடுவான். சாப்பாடு காசுக்கா சும்மாவா என்று தெரியாமல் 'வேணாம்' என்பான். சிலர் திரும்பி வருவது சீட்டில் அல்ல, அடியில், சரக்கு அறையில், பெட்டியில். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டிக்காக விமான நிலையத்துச் சரக்கு வாசலில் விடியவிடிய நின்றிருக்கிறோம். 1956 டிசம்பர் 6 ராத்திரி பாபாசாகேபின் உடல் டெல்லியிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில்தான் வந்தது என்பது அன்றைக்கு ஏனோ ஞாபகம் வந்தது. அங்கேயும் நம் சனம் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தது.

மலையாளத்தில் 'ஆடுஜீவிதம்' 2024இல் வந்தது. அதில் விமானம் பறப்பது முக்கியமில்லை. இறங்கின பிறகு விமான நிலையத்து வாசலில் யார் வந்து கூட்டிப்போவான் என்று தெரியாமல் நிற்கிற இரண்டு முகங்கள்தான் முக்கியம். விமானப் படம் என்று பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்க்கிறேன்.

அத்தை மறுநாள் காலை மறுபடி கேட்டார்.

"அந்தப் புள்ளைங்க என்னப்பா ஆனாங்க? வீட்டுக்குத் திரும்பிட்டாங்களா?"

"இல்லத்தை, சார்ஜா போக வேற விமானம் ஏற்பாடு பண்ணிட்டாங்களாம்."

"மறுபடியும் ஏறுவாங்களா?"

"ஏறித்தானே ஆகணும்."

அவர் ஒன்றும் பேசவில்லை. மகனை முதல்முறை அனுப்ப வைத்த செயினை மீட்க அவருக்கு மூன்று வருசம் ஆனது. விமானம் சுற்றின அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.