ஏழு மைலில் இருந்த கடல்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி, "எப்போது பார்த்தாலும் செலவு, சேமிப்பு என்றே எழுதுகிறீர்களே, புருஷனும் பெஞ்சாதியும் கொஞ்சம் சந்தோஷமாக இருப்பதைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகையால் இந்த மாதம் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் போய்வந்த ஒரு பிரயாணத்தைச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூர் கிளமெண்டியில், ஓர் அடுக்குமாடி வீட்டில். நான் பிறந்து வளர்ந்தது சிலாங்கூரில், பந்திங் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கல்யாணமாகி ஜொகூர்ப் பாலம் தாண்டி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. என் வீட்டுக்காரர் 34 வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ் ஓட்டியவர் என்றால் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே தடம், அதே நிறுத்தங்கள், இரண்டு நிமிஷம் பிந்தினால் கேள்வி. கடிகாரம்தான் அவருக்குக் கங்காணி.

அம்மாவைப் பார்க்கப் போவதும் அப்படித்தான் இருக்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்துவிட்ட பிறகு பிரயாணம் சுலபமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி புறப்பட்டால் நாலு, நாலரை மணியில் பந்திங். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவோம். கல்யாணம், கருமாதி, தீபாவளி எல்லாவற்றுக்கும் இதே ஓட்டம்தான். வழியில் என்ன பார்த்தோம் என்று யாராவது கேட்டால், சுங்கச் சாவடியையும் கழிப்பறையையும் தவிர எங்களுக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

இந்த வருஷம் ஒரு நாள் காலையில், கோப்பி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஏம்மா, இந்தத் தடவை பழைய ரோட்டிலே, கரையோரமாப் போவோமா? மூணு நாளு ஆகட்டுமே."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "மூணு நாளா? ஓட்டல் செலவு யாருங்க குடுப்பா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்! பிறகு நானே வெட்கப்பட்டுக்கொண்டு துணிகளை எடுத்து வைத்தேன்.

சிங்கப்பூரிலிருந்து காரில் புறப்படுவதற்குச் சில சட்டங்கள் உண்டு. தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெயாவது இருக்க வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய வாகனத்தை முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். இவை முடிந்ததும் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். துவாஸில் 1998இல் திறந்த இரண்டாவது பாலம் கிளமெண்டிக்காரர்களுக்கு வசதி. அதைத் தாண்டிப் பொந்தியான் போய், அங்கே ஐந்தாம் எண் கூட்டரசு சாலையைப் பிடித்தோம். ஸ்கூடாயில் தொடங்கி மேற்குக் கரையோரமாகவே ஈப்போ வரைக்கும் போகிற பழைய சாலை அது.

கரையோரச் சாலை என்றதும் சினிமாவில் வருவதுபோல் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அலை என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் கடல் கண்ணில் படவே படாது. தென்னை, பாக்கு, செம்பனை, சதுப்புக் காடு இவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். 'பாரிட்' என்று தொடங்கும் பெயர்களாகவே ஊர்கள் வரும். பாரிட் என்றால் வாய்க்கால். சேற்று நிலத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, குடியேறிய ஊர்கள் அவை. கடலைப் பார்க்க வேண்டுமானால் சாலையை விட்டு உள்ளே இறங்கிப் போக வேண்டும். நின்று போகிறவனுக்குத்தான் அந்தச் சாலை கடலைக் காட்டும்.

அதுதான் என் வீட்டுக்காரருக்கு வரவில்லை! குக்குப் மீனவக் கிராமத்தில், தண்ணீருக்கு மேலே மரக்கால் நட்டுக் கட்டிய வீடுகளைப் பார்த்து நான் வாய் பிளந்து நிற்கிறேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தஞ்சோங் பியாய். ஆசியக் கண்டத்தின் பெருநிலம் முடிகிற தென்கோடி முனை அது. பலகைப் பாதையில் நடந்து போய், வேர் நிமிர்ந்து நிற்கும் சதுப்பு மரங்களுக்கு இடையே நின்றபோதும், "பத்தரைக்குக் கெளம்பினாத்தான்..." என்று ஆரம்பித்தார். நான் எதுவும் பேசாமல் கையை நீட்டினேன். புரிந்துகொண்டு சிரித்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதை என் கைப்பையில், திருநீற்று டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பிரயாணம் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். பத்து பகாட்டில் சாப்பாடு. பாரிட் ஜாவாவில் சேற்றுக் கரையில் பெரிய நாரைகள் தவம் செய்வதை வேடிக்கை பார்த்தோம். ராத்திரி மூவாரில் தங்கினோம். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலேயே அவர் ஒரு விஷயம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பஸ் ஐந்து நிமிஷம் பிந்திவிட்டதாம். நிறுத்தத்தை விட்டு நகர்ந்த பிறகு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாளாம். கண்ணாடியில் பார்த்தும் இவர் நிறுத்தவில்லையாம்.

"மழை வேற பெஞ்சுது. இன்னைக்கும் அந்த நிறுத்தத்தைத் தாண்டறப்போ அந்த மொகம் வருது" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது. நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து போயிருக்கிறோம். அப்போதெல்லாம் இந்தப் பேச்சு வரவில்லை. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்தபோது வந்தது.

மறுநாள் மலாக்கா. துக்காங் எமாஸ் வீதியில் 1781ஆம் வருஷம், டச்சுக்காரர் காலத்தில் எழும்பிய விநாயகர் கோயிலில் தேங்காய் உடைத்தோம். மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அது ஒன்று. தோட்டத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சங்கதியும் மலாக்காவில் இருக்கிறது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்தன. இன்றைக்கும் கிளமெண்டியிலிருந்து போய்ச் சுலபமாகப் பார்த்து வரக்கூடிய பூங்காதான் அது. அங்கே ரிட்லி என்ற துரை மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்தார். 1896இல் டான் சாய் யான் என்ற சீனர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டமாகவே நட்டார். அங்கே தொடங்கியதுதான், நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி, பெரட்டுக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. "ஒரு கன்னு நம்ம தலையெழுத்தையே மாத்திடுச்சு பாரு" என்றார் அவர்.

ராத்திரிக்குப் போர்ட்டிக்சன் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். இப்போதுள்ள கோபுரம் 1863இல் கட்டியது. அங்கே காட்டுப் பாதையில் ஏறி நின்றால் மலாக்கா நீரிணை விரிந்து கிடக்கிறது. அக்கரையில் சுமத்ரா பக்கத்துத் தீவு, ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். மார்ச் மாத வாக்கில் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் அந்தத் தண்ணீரைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து, வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்புமாம். வருஷா வருஷம் வந்து, வருஷா வருஷம் திரும்பும் பறவைகள்! எனக்கு என்னவோ என் தாத்தா நினைவு வந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

சிப்பாங் தாண்டி, மத்தியானம் பந்திங்கில் அம்மா வீட்டுக்குப் போனோம். தோட்டம் கை மாறிய பிறகு அம்மா என் தம்பியோடு பட்டணத்து வீட்டில் இருக்கிறார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டிய கை. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

"அம்மா, மோரிப்புக்குப் போவமா?" என்று கேட்டேன். வழக்கமாக "எதுக்கு ஆயி, கால் வலிக்குது" என்பார். அன்றைக்கு மருமகனின் முகத்தைப் பார்த்தார். அவர் அவசரப்படாமல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சரி, போவம்" என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மோரிப் கடற்கரை எங்கள் லயத்திலிருந்து ஏழு மைல். வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டத்து லாரி எங்களை அங்கே ஏற்றிப் போகும். நாங்கள் பிள்ளைகள் தண்ணீரில் ஆடுவோம். அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, சோற்றுச் சட்டியைக் காத்துக்கொண்டு, லாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சட்டிக்குக் காவல் என்றுதான் நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவைக் கல் இருக்கையில் கடலைப் பார்க்க உட்கார வைத்தோம். வேர்க்கடலையை உரித்துக் கொடுத்தேன். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"1937லே எனக்கு அஞ்சு வயசு. நாகப்பட்டணத்துலே 'ரஜூலா' கப்பல். சுவெட்டன்ஹம் துறைமுகத்துலே எறக்கினாங்க. அதுக்கு அடுத்த வருஷமே கூலிக்கு ஆள் அனுப்பக்கூடாதுன்னு இந்தியாவுலே தடுத்துட்டாங்களாமே, நாங்கதான் கடைசிக் கூட்டத்துலே வந்தவங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. அஞ்சு வருஷத்துலே திரும்பிடலாம்னுதான் வந்தாரு. அதுக்குள்ளே சப்பான்காரன் வந்துட்டான். சண்டை முடிஞ்சு 1945லே வெள்ளைக்காரன் பட்டாளம் எறங்கினது இந்தக் கரைதான். அதுலே நம்ம ஊரு சிப்பாயிங்களும் இருந்தாங்க. வண்டியெல்லாம் சேத்துலே மாட்டிக்கிச்சுன்னு சொல்லிச் சிரிப்பாங்க. இனிமே கப்பல் ஓடும்னு அப்பாவுக்குச் சந்தோஷம். கப்பல் ஓடிச்சு. காசுதான் சேரலே."

"தாத்தா லாரியிலே ஏறவே மாட்டாரே, ஏம்மா?"

"அதைத்தான் சொல்ல வரேன். ஏழு மைலு, ஒரு நாளும் வந்து பார்க்கலே. ஏம்ப்பான்னு கேட்டேன். 'அந்தத் தண்ணியைப் பார்த்தா திரும்பிப் போவணும்னு தோணும் ஆயி, மறுநா வெட்டுக்குப் போவ முடியாது'ன்னாரு. அவரு போன பெறகு, எனக்கும் மொகத்தைத் திருப்பிக்கத்தான் தோணிச்சு."

கடலைத் தோல் என் கையிலேயே இருந்தது. ஏழு மைல் தூரம் போகப் பணமில்லை, நேரமில்லை, துரை விடவில்லை என்றெல்லாம் நான் காரணம் நினைத்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு மனிதன் தன் ஆயுள் பூராவும் கடலைப் பார்க்காமலே இருந்திருக்கிறான். அதை அறிந்த மகள் சட்டிக்குக் காவல் என்று சொல்லி முதுகைக் காட்டியிருக்கிறாள்.

தலைக்கு மேல் விமானம் ஒன்று சிப்பாங் பக்கம் இறங்கியது. அம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருட்டுது. போலாமா மாப்பிள்ளை?" என்றார்.

"அவசரமில்லே அத்தை. இருங்க" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா இருந்தார். சூரியன் தண்ணீரில் முழுசாக இறங்கும் வரைக்கும் கடலைப் பார்த்தே இருந்தார்.

அன்பான சகோதரிகளே, உல்லாசப் பிரயாணம் பணக்காரர்கள் சமாசாரம் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். சும்மா உட்கார்ந்தால் குற்றம் செய்ததுபோல் நமக்கு உறுத்துகிறது. சங்குச் சத்தம் நின்று வெகு காலமாகியும் நம் காதில் அது ஊதிக்கொண்டே இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் மனசுக்குள் கிடக்கிற பேச்சு, அவசரத்தில் வெளியே வராது. கணவனிடம் ஒன்று இருக்கும், பெற்றவளிடம் ஒன்று இருக்கும். அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கரையும் கொஞ்சம் நேரமும் வேண்டும்.

மூன்று நாள் முடியாவிட்டால் ஒரு நாள் போதும். கார் இல்லாவிட்டால், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கலாம். சோறு கட்டிக்கொண்டு போனால் செலவில் பாதி மிச்சம். தூரம் போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஊருக்கு ஏழு மைலில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வயதானவர்கள் "கால் வலி" என்றால் ஒரு முறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு நாள், அவசரமில்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கைக்கடிகாரத்தை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்!

திரும்பி வரும்போதும் பழைய சாலையில்தான் வந்தோம். கிளமெண்டி வந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவர் கடிகாரத்தைக் கேட்டார். கைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். திருநீறு படிந்திருந்தது. துடைக்காமலே கட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் கணக்கு நோட்டோடு வருகிறேன்.