தாய்க்கும் வேண்டும் எண்ணெய்



பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும் வழக்கத்தை நம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்கள் இன்னும் மறக்கவில்லை. அதே பெண் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இரவெல்லாம் உறங்காமல் புரண்டால், 'வயதாகிவிட்டது' என்று ஒதுங்கிக் கொள்கிறோம்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி நிகழ்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால், மூளையில் உடற்சூட்டைக் காக்கும் பகுதி சிறு வெப்பத்தையும் பெரிதாகக் கொள்கிறது. முகமும் கழுத்தும் அனலாகி வியர்த்துக் கொட்டுகிறது. மார்கழிக் குளிரில் மின்விசிறியைப் போடச் சொல்லும் மாமியாரை மருமகள் முறைத்துப் பார்ப்பதற்குக் காரணம் அறியாமையே.

ஹார்மோன் மாத்திரைகளால் மார்பகப் புற்று கூடுவதாகக் கண்டு, அமெரிக்காவில் பெரும் ஆய்வொன்றின் ஒரு பகுதி 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன்பின் அம்மாத்திரைகளுக்குப் பலர் அஞ்சினர். யாருக்கு ஏற்றது என்று ஆராய்ந்து இன்றும் மருத்துவர்கள் தருகிறார்கள். அது அவர்கள் முடிவு. நம் கையில் இருப்பது எண்ணெய்க் கிண்ணம்.

உடலைப் பிடித்துவிடுவதைச் சித்த மருத்துவம் 'தொக்கணம்' என்கிறது. தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போகலாம். இனி, ஈரானின் தெஹ்ரானில் 90 பெண்களைக் கொண்டு நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு. நறுமண எண்ணெயால் பிடித்துவிடப்பட்டவர்களுக்குத் தொல்லைகள் நன்கு குறைந்தன. மணமற்ற எண்ணெயாலும் ஓரளவு குறைந்தன. ஆய்வு சிறியதே. ஆயினும் உறக்கம், மன இறுக்கம், உடல்வலி ஆகியவற்றுக்கு இது உதவும் என்று நம்ப இடமுண்டு. எலும்புத் தேய்வை இது தடுக்காது. அதற்குக் கேழ்வரகும் வெயிலும் நடையும் வேண்டும்.

இஷாவுக்குப் பின் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, பாதம், கெண்டைக்கால், தோள், பிடரி ஆகிய இடங்களில் கால்மணி நேரம் மெல்லத் தேய்த்தால் போதும். மகள் செய்யலாம், மருமகள் செய்யலாம். மனைவியின் காலைப் பிடித்துவிடுவதால் கணவரின் மதிப்பும் குறைந்துவிடாது. வெளியிலிருந்து ஆள் வைத்தால் பெண்ணாகவே இருக்கட்டும். அவளிடத்தும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு உளூவைத் தடுக்குமோ என்று கேட்கிறார்கள். கெட்டியாகப் படியாமல், தோலில் நீர் படுமாயின் தடையில்லை. ஆனால் உள்ளங்காலைத் துடைக்காமல் எழுந்து நடக்காதீர்கள். இவ்வயதில் வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு முறியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தொடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். எலும்பு தேய்ந்தவர்க்கு முதுகெலும்பின்மேல் அழுத்தலாகாது.

இன்னொன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் இரத்தம் கண்ட பெண்கள், தொழலாமா என்று மதரஸாவுக்கு வந்து கேட்கிறார்கள். இஸ்திஹாளாவின் சட்டத்தைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி விடுகிறார்கள். தொழுகைக்கு விடை கிடைத்தது, உடலுக்குக் கிடைக்கவில்லை. அது கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கக்கூடும். இதற்கு எண்ணெயும் கைவைத்தியமும் உதவா. ஒரு துளிக் கறையாயினும் அந்த வாரமே அரசு மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். கூச்சமாயிருந்தால் மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்.